காருக்கு அடியில தகடு அடிக்கிற மகராசன்களே, கொஞ்சம் நில்லுங்க!

ரொம்ப நாளா மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டு இருந்த விஷயம். எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு, கடைசியில எழுதியே தீருவதுன்னு உட்கார்ந்தாச்சு. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கணக்கும் வரும். பயப்படாதீங்க, எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

போன மாசம் எங்க வகுப்பு நண்பர்களோட ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில ஒரு வாக்குவாதம். காருக்கு அடியில அலுமினியத் தகடு அடிச்சு மூடிட்டா காற்று வழுக்கிக்கிட்டுப் போகும், மைலேஜ் எகிறும், வண்டி ரோட்டைக் கவ்விக்கிட்டு ஓடும் என்று ஒருத்தன் ஆரம்பித்தான். ஃபார்முலா ஒன் காரைப் பார், ஜெர்மன் காரைப் பார், எலக்ட்ரிக் காரைப் பார் என்று அடுக்கினான். நான் குறுக்கே பேசினதும் ஒரே வெட்டு: "நீ பி.காம். படிக்கிறவன். உனக்குக் கார் பத்தி என்னடா தெரியும்?"

நியாயமான கேள்வி. எனக்கு எஞ்சினைப் பிரிக்கத் தெரியாது. ஆனா வரவு எது, செலவு எதுன்னு பிரிக்கத் தெரியும். இந்தத் தகடு விஷயத்தில் நம்ம ஆட்கள் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

அதோட இன்னொரு காரணமும் இருக்கு. எங்க வீட்டிலேயே ஒருத்தர் அந்தத் தகடை அடித்தார். அதனால ஒரு பாட்டி உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானும் அலுமினியத் தகடும்

என் பெரியப்பா மகளைக் கட்டியிருக்கும் அத்தான் வாடகைக் கார் ஓட்டுகிறார். பழைய டீசல் செடான். கம்பெனி பேர் வேண்டாம், இதில் கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி சவாரி, கல்யாண சவாரி, மாசத்துக்கு நாலஞ்சு தடவை திருச்சி ஏர்போர்ட், எப்பவாவது மெட்ராஸ். இதுதான் அவர் பிழைப்பு.

ஒரு டிங்கர் பட்டறையில் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். "அடியில ஃபுல்லா தகடு போட்டு மூடிட்டா லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடும். பதினெட்டு குடுக்குற வண்டி இருபத்தொண்ணு குடுக்கும்." மொத்தம் 18,000 ரூபாய். அத்தான் கையில் பணம் இல்லை. அக்காவின் வளையல் அடகுக்குப் போனது.

எனக்கு விஷயம் தெரிந்தபோது வேலை முடிந்துவிட்டது. முன் பம்பரில் ஆரம்பித்து பின் சக்கரம் வரை தகடு. சைலன்சர் குழாய்க்குக் கீழேயும் அதே தகடு. "மாப்ள, தடவிப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று பெருமையாகக் காட்டினார். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை, அழகாகத்தான் இருந்தது. அதையும் ஒத்துக் கொள்கிறேன்.

போன பங்குனி. தஞ்சாவூரில் கண் ஆபரேஷன் முடிந்த ஒரு பாட்டியை ஊரில் கொண்டுபோய் விடும் சவாரி. நானும் துணைக்கு முன் சீட்டில். எங்க பக்கத்துக் கிராமத்துச் சாலைகளைப் பங்குனியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தைப் பிடுங்கி, செடியோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். போகிற வருகிற வண்டிதான் போர் அடிக்கும் மாடு. நாங்களும் அதன் மேல் ஏறித்தான் போனோம். வேறு வழி கிடையாது, இரண்டு பக்கமும் வாய்க்கால்.

நாலைந்து கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு தீய்ந்த வாசனை. யாரோ வயலில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்தோம். அப்புறம் கியர் கம்பி பக்கத்திலிருந்தே புகை வந்தது. அத்தான் வண்டியை ஓரங்கட்டினார். நான் பாட்டியை இறக்கினேன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணிலும் சரியாகத் தெரியாது. "என்னப்பா ஆச்சு, என்னப்பா ஆச்சு" என்று என் கையை விடவே இல்லை. கீழே குனிந்து பார்த்தால், தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவில் கொத்துக் கொத்தாக உளுந்துச் செடி சுருண்டு கிடக்கிறது, ஓரத்தில் கங்கு. எதிர் வீட்டு அம்மா ஓடி வந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதால் வண்டி பிழைத்தது. நாங்களும்.

தகடு இல்லாத வண்டியிலும் செடி சிக்கும், வைக்கோல் சிக்கும். கர்நாடகாவில் ரோட்டில் பரப்பிய கொள்ளுச் செடி சிக்கி எரிந்த கார்கள் செய்தியில் வந்ததுண்டு. ஆனால் தகடு இல்லாவிட்டால் சிக்கியதில் பாதி தானாக உதிர்ந்து விழும். குனிந்து பார்த்தால் மிச்சமும் தெரியும். தகடு போட்டால் அது ஒரு தட்டு. விழ வேண்டியதை ஏந்திப் பிடித்து, சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணுக்கும் மறைக்கிற தட்டு.

இது ஒரு வண்டியின் கதை, ஒரு கதையை வைத்துச் சட்டம் போட முடியாது என்பீர்கள். சரி, கணக்குக்கு வருவோம்.

கணக்கு: நல்லா பார்த்துக்கோங்க

ஓடுகிற காரை இரண்டு பேர் பின்னால் இழுக்கிறார்கள். ஒருவர் காற்று. இன்னொருவர் டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு. டயர்க்காரர் வேகம் கூடினாலும் பெரிதாக மாற மாட்டார். காற்றுக்காரர் அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கு ஆனால் அவர் நாலு மடங்கு இழுப்பார். மூன்று மடங்கு ஆனால் ஒன்பது மடங்கு. இதுதான் மொத்த விஷயத்தின் சாவி.

அத்தான் வண்டி மாதிரி ஒரு செடானை எடுத்துக் கொள்வோம். ஆட்களோடு 1,300 கிலோ. முகப்புப் பரப்பு 2.1 சதுர மீட்டர். காற்று இழுவை எண் 0.35. டயர் எதிர்ப்பு எடையில் 1.2 சதவீதம். இவை எல்லாம் இந்த ரக வண்டிக்குப் பொருத்தமான எண்கள். பௌதிகப் புத்தகத்துச் சூத்திரத்தில் போட்டால் வருவது இது:

40 கி.மீ. வேகத்தில்: காற்று 52 நியூட்டன், டயர் 153. மொத்தம் 205.
80 கி.மீ. வேகத்தில்: காற்று 209, டயர் 153. மொத்தம் 362.
100 கி.மீ. வேகத்தில்: காற்று 326, டயர் 153. மொத்தம் 479.

இப்போது தகடு. அடிப்பாகத்தை ஒழுங்காக மூடினால் காற்று இழுவையில் 6 சதவீதம் குறையும் என்று வைத்துக் கொள்வோம். பட்டறையில் கண் பார்வையில் வெட்டி அடித்த தகட்டுக்கு இது தாராளமான மார்க்கு. 40-இல் குறைவது 3.1 நியூட்டன். 80-இல் 12.5. 100-இல் 19.6.

"ஆகா, குறையுதுல்ல!" என்கிறீர்களா? இருங்க. தகட்டுக்கு எடை இல்லையா? 2 மி.மீ. அலுமினியம் 3 சதுர மீட்டர் என்றால் 16 கிலோ. தாங்குவதற்கு ஆங்கிள், போல்ட் எல்லாம் சேர்த்து 20 கிலோ. அந்த 20 கிலோவைச் சுமப்பதற்கு டயர் கூடுதலாகக் கேட்பது 2.4 நியூட்டன். ஆக 40 கி.மீ. வேகத்தில் தகடு சம்பாதித்த 3.1-இல் 2.4-ஐத் தகடே தின்றுவிட்டது! மிச்சம் 0.7. மொத்தம் 205-இல் 0.7. இதற்குத்தான் வளையல் அடகுக்குப் போனது.

80-இல் நிகர லாபம் சுமார் 10 நியூட்டன். 362-க்கு 2.8 சதவீதம். அங்கே தகடு வேலை செய்கிறது, நான் மறுக்கவே இல்லை. ஆனால் பட்டறைக்காரர் சொன்ன "பதினெட்டு இருபத்தொண்ணு ஆகும்" கதை நடக்கணும்னா டீசல் செலவு 14 சதவீதத்துக்கு மேல் குறைய வேண்டும். 80 கி.மீ. வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால்கூட அதற்குக் காற்று இழுவையில் நாலில் ஒரு பங்கு காணாமல் போக வேண்டும். உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள் காற்றுச் சுரங்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து புள்ளி பூஜ்யம் பூஜ்யமாகக் குறைக்கிற எண்ணை, ஒரு நாள் மத்தியானம் ரிவிட் அடித்துக் கால்வாசி குறைத்துவிட முடியுமா? நீங்களே சொல்லுங்க.

இப்போது எங்க பாடம். அத்தான் வருஷத்துக்கு 30,000 கி.மீ. ஓட்டுகிறார். லிட்டருக்கு 18 என்றால் 1,667 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,53,000 ரூபாய். ஊருக்குள் ஓட்டம் அதிகம், ஹைவே குறைவு. இருந்தாலும் சராசரியாக 2 சதவீதம் மிச்சம் என்று தாராளமாகவே கொடுக்கிறேன்.

வரவு: வருஷத்துக்கு சுமார் 3,060 ரூபாய்.

செலவு: 18,000-க்கு வருஷம் 12 சதவீத வட்டி 2,160 ரூபாய். 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். ஆயில் போல்ட்டு தகட்டுக்கு மேலே. தகடைக் கழற்றி மாட்ட மெக்கானிக் கூடுதலாக 500 கேட்கிறார். வருஷத்துக்கு மூன்று தடவை, 1,500 ரூபாய். மொத்தச் செலவு 3,660.

நிகரம்: வருஷத்துக்கு 600 ரூபாய் நஷ்டம். அசல் 18,000 அப்படியே அடகுக் கடையில் நிற்கிறது. இந்த முதலீடு எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்று தேர்வில் கேட்டால் "வராது" என்று ஒரே வார்த்தை எழுதி முழு மார்க் வாங்கலாம்.

"ஃபார்முலா ஒன்ல இருக்கே?"

இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். ஃபார்முலா ஒன் கார் அடிப்பாகத்தை வடிவமைப்பது மைலேஜுக்காக என்று எவன் சொன்னான்?

1977-இல் லோட்டஸ் 78 வந்தது, 1978-இல் லோட்டஸ் 79. காலின் சாப்மனின் அணி. அந்த வருஷம் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன். அந்தக் கார்களின் அடிப்பாகத்தைத் தலைகீழ் விமான இறக்கை மாதிரிச் செய்தார்கள். தரைக்கும் காருக்கும் நடுவில் காற்று நெருக்கிப் பிடித்து வேகமாக ஓடும். வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். கார் தரையோடு உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். வளைவில் வேகம் குறைக்காமல் திருப்பலாம். பக்கவாட்டிலிருந்து காற்று உள்ளே நுழையாமல் இருக்க, தரையை உரசுகிற பாவாடை மாதிரி ஒரு தடுப்பு வேறு. அந்தத் தடுப்புப் பழுதானால் பிடிப்பு சட்டென்று போய்விடும், கார் கட்டுப்பாட்டை இழக்கும். வளைவில் வேகம் ஆபத்தான அளவுக்கு ஏறியதால் 1983-இல் தட்டையான அடிப்பாகம்தான் வைக்கணும் என்று விதி போட்டார்கள். 2022-இல் அந்த உத்தி மறுபடி வந்தபோது, நேர் ரோட்டில் கார்கள் குதிரை மாதிரித் துள்ளின. கோடி கோடியாகக் கொட்டும் அணிகளுக்கே அந்தத் துள்ளலை அடக்க மாசக்கணக்கானது.

ஆக அங்கே வேண்டியது பிடிப்பு. தரைக்கும் காருக்கும் இடைவெளி விரற்கடை அளவு. நம்ம ஊர் செடானுக்கு இடைவெளி 160, 170 மி.மீ. அந்த உயரத்தில் தட்டைத் தகடு அடித்தால் தரையோடு எதுவும் ஒட்டாது. ரோட்டைக் கவ்வுவதாவது!

சரி, இடைவெளியைக் குறைக்கலாமா? குறைத்துப் பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவுப்படி வேகத்தடை உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேலே சீராக வளைந்திருக்க வேண்டும். எங்க ஊர் வேகத்தடை எதையாவது டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறீர்களா? கோயில் திருவிழாவுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, விபத்து நடந்த கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று. அகலம் ஒரு முழம், உயரம் ஒரு சாண்! அத்தான் வண்டியின் தகடு முதல் வாரத்திலேயே நாலு இடத்தில் நசுங்கிவிட்டது. நசுங்கிய தகடு காற்றை வழுக்கி விடாது, வாரி எடுக்கும்.

"வெளிநாட்டுக் கார்ல கம்பெனியே போடுறானே?"

போடுகிறான். இதுதான் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

1999-இல் வந்த முதல் ஹோண்டா இன்சைட் காரின் அடிப்பாகம் மூடப்பட்டது, பின் சக்கரம்கூட பாதி மூடியிருக்கும். இழுவை எண் 0.25. இன்றைக்கு மெர்சிடஸ் இ.கியூ.எஸ். 0.20. நம்ம பக்கம் வந்தால், செங்கல்பட்டு பக்கத்தில் மஹேந்திரா ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையில் மஹேந்திரா வெளியிட்ட எலக்ட்ரிக் கார்களுக்கு பேட்டரியே அடித்தளம், அது தட்டையாக இருக்கும். எலக்ட்ரிக் காரில் எஞ்சின் கிடையாது, நீளச் சைலன்சர் குழாய் கிடையாது. அடியை மூடுவது அங்கே இயல்பாக அமைகிற விஷயம்.

பெட்ரோல், டீசல் காரில் கம்பெனி அடிமூடி போடும்போது என்ன செய்கிறான்? எஞ்சின் சூடு எந்த வழியாக வெளியேறும் என்று முதலில் பார்க்கிறான். சைலன்சருக்குக் கீழே மூடாமல் வழி விடுகிறான், அல்லது சூட்டுத் தடுப்பு வைக்கிறான். ஆயில் மாற்றக் கதவு வைக்கிறான். தண்ணீர் வடிய ஓட்டை வைக்கிறான். எடை குறைந்த பொருளில் செய்கிறான். அப்புறம் சுடும் பாலைவனத்திலும் பனியிலும் ஓட்டிப் பார்க்கிறான். அந்த ஆறு வேலையில் ஒன்றைக்கூடச் செய்யாமல், வெளித் தோற்றத்தை மட்டும் பார்த்து நாம் தகடு அடிக்கிறோம். பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரன் விடையை மட்டும் காப்பி அடித்து, அவனுடையது வேறு வினாத்தாள் என்பதைக் கவனிக்காத கதை இது!

சித்திரை வெயிலில் தஞ்சாவூர்ப் பக்கம் 40 டிகிரி தொடும். ஏ.சி. ஓடும். ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும். கீழே இறங்க வேண்டிய எஞ்சின் சூடு எங்கே போகும்? மழைக் காலத்தில் தகட்டுக்கு மேல் தேங்கும் சேறு எங்கே போகும்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்க ரோடுகளில் கிடந்த கிளை, மட்டை, சேறு எல்லாவற்றையும் பார்த்தவன் நான். அந்தச் சேற்றை அரை மணி நேரத்தில் காய்ந்து உதிர விடாமல் மாசக்கணக்கில் ஈரமாகவே வைத்திருந்தால் வண்டிக்கு அடியில் துருதான் விளையும்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே. அலுமினியம் கனம் என்று தேர்தல் போர்டு செய்யும் சன்பேக் ஷீட்டை வெட்டி மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் செய்கிறார்களாம். எடை குறைவு, சரி. அது பாலிபுரோப்பிலீன். 160 டிகிரி பக்கத்தில் உருகிவிடும். சைலன்சர் குழாய் அதைவிடச் சூடாகும். வேட்பாளர் சிரித்துக்கொண்டே உருகி வழிவார். கூடவே, நாலு ஸ்க்ரூவில் தொங்கும் ஷீட் ஹைவேயில் பிய்த்துக்கொண்டு போனால் பின்னால் பைக்கில் குழந்தையோடு வருகிறவன் கதி என்ன?

"எஞ்சினுக்குப் பாதுகாப்புதானே?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஏற்கெனவே கம்பெனி ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறான். பல கார்களில் எஞ்சினுக்குக் கீழே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். சேறு, தண்ணீர் தெறிக்காமல் தடுக்கும், முன்பக்கக் காற்றையும் ஓரளவு சீர் செய்யும். உங்கள் வண்டியில் அது இன்னும் இருக்கிறதா? குனிந்து பாருங்கள். முக்கால்வாசிப் பழைய வண்டிகளில் இருக்காது. ஒரு சர்வீஸில் கிளிப் உடைந்திருக்கும், "இது தேவையில்ல சார், சத்தம்தான் வரும்" என்று மெக்கானிக் கழற்றி மூலையில் போட்டிருப்பார். நாமும் சரி என்று வந்திருப்போம்.

அத்தான் வண்டியிலும் அதுதான் நடந்தது! கம்பெனி யோசித்து வைத்த மூடியைத் தொலைத்துவிட்டு, யாரும் யோசிக்காத தகட்டைக் கடன் வாங்கி மாட்டினார். இதை எந்த ஊர்ப் புத்திசாலித்தனத்தில் சேர்ப்பது?

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிகளுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை போட்டது. அடித்தகடு அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். வண்டி எரிந்து இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது, இது யார் அடித்தது என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

அப்போ என்னதான் செய்யச் சொல்றே?

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போகிற ஆள் இல்லை நான். காசு செலவில்லாத நாலு விஷயம்:

1. டயரில் காற்று. காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் சுமார் 0.2 சதவீதம் வீணாகும். அத்தான் வண்டியில் 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தது. 8 குறைவு, அதாவது 1.6 சதவீதம். 18,000 ரூபாய்த் தகடு கொடுக்கும் லாபத்தில் முக்கால்வாசியை பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும் குழாய் கொடுக்கிறது.

2. வேகம். மேலே உள்ள கணக்கை மறுபடி பாருங்கள். 100-இலிருந்து 80-க்கு இறங்கினால் மொத்த எதிர்ப்பு 479-இலிருந்து 362 ஆகிறது. 24 சதவீதம்! எந்தத் தகடும் இதன் பக்கத்தில் வர முடியாது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பத்து நிமிஷத்துக்குள்தான் தாமதமாகும். ஆகட்டுமே.

3. மேலே இருக்கும் கேரியர். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அடியில் கண்ணாடி மாதிரித் தகடு அடித்த அதே அத்தான், வண்டி தலையில் இரும்புக் கேரியரை வருஷம் முழுக்கச் சுமந்துகொண்டு போகிறார். சாமான் ஏற்றுவது மாசத்துக்கு இரண்டு தடவை. காற்று நேராக வந்து மோதுவது அந்தக் கேரியரில். நாலு நட்டு கழற்றினால் முடிந்தது.

4. தொலைந்த கம்பெனி மூடியைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் காசு ஆகும். சர்வீஸுக்கு விட்டால் கழற்றிய எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்களா என்று குனிந்து பாருங்கள். அறுவடைக் காலத்தில் செடி, வைக்கோல் பரப்பிய ரோட்டைத் தாண்டியதும் ஒரு நிமிஷம் நிறுத்தி, அடியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியா ஒண்ணு

புகை வந்த அன்றைக்கு ராத்திரி அத்தானிடம் தகடைக் கழற்றச் சொன்னேன். "பதினெட்டாயிரம் போட்டிருக்கேன் மாப்ள, எப்படிக் கழட்ட?" என்றார். எங்க பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, மூழ்கிய செலவு. போன காசு போனதுதான். தகடு வண்டியில் இருந்தாலும் வராது, கழற்றினாலும் வராது. இனிமேல் வருவது லாபமா நஷ்டமா என்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும். வகுப்பில் இதை இரண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்தேன். அத்தான் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. கணக்கு தெரிந்தவன் கெட்டிக்காரன், தெரியாதவன் முட்டாள் என்கிற திமிர் எனக்கு அன்றைக்குப் போய்விட்டது. அவருக்கு அந்த மூன்று கிலோமீட்டர் தேவைப்பட்டது. டீசல் விலை ஏறுகிறது, சவாரி ரேட் ஏறவில்லை. தேவை இருக்கிறவன் காதில் எதை ஓதினாலும் ஏறும். அதனால்தான் ஓதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம். டீக்கடையில் உட்கார்ந்து ஃபார்முலா ஒன் பேசுகிற நமக்கு அது பொழுதுபோக்கு. கேட்டுவிட்டுப் போய் வளையலை அடகு வைக்கிறவருக்கு அது வருஷத்துக்கு 3,660 ரூபாய்.

ஆகவே, தகடு பற்றிப் பேசப் போகும் அன்பர்களே, பேசுவதற்கு முன் எந்த வேகம், எந்த ரோடு, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வட்டி என்ற நாலையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்புறமும் லாபம் வந்தால் தாராளமாக அடியுங்கள். நானே வந்து ஸ்க்ரூ பிடிக்கிறேன்.

அத்தான் மறுநாள் தகடைக் கழற்றிவிட்டார். இப்போது அது அக்கா வீட்டுக் கோழிக் கூண்டுக்குக் கூரை. நல்ல கெட்டித் தகடு, மழை ஒழுகவில்லை. வளையல் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

டிஸ்கி: கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்க, திருத்திக்கறேன். "உனக்கு என்னடா தெரியும்" என்று மட்டும் வராதீங்க. அதை ஏற்கெனவே டீக்கடையில் கேட்டாச்சு.